ரெண்டு வயசு குறைக்கணும்

"முப்பத்தொண்டு," என்றார் அதிகாரி பொன்னுதுரை.

தியாகு தன் அடையாளக் கார்டை வாங்கி மறுபடியும் பார்த்தான். முறைத்துப் பார்த்தால் வயது குறைந்துவிடுமா என்ன?

"சார், அது தோட்டத்துல சும்மா எழுதினது சார்!"

"அரசாங்கக் கார்டு சும்மாவோ? முப்பது வயசுக்கு உட்பட்ட இளைஞருக்குத்தான் இந்தத் தொழில் உதவி. வெள்ளிக்கிழமையோடை சரி. உம்மைப் பெத்தவை வந்து சத்தியம் பண்ணினால் பார்ப்பம்."

ஐம்பத்தேழில் சுதந்திரம் கிடைத்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'இளைஞர்களே, புதிதாக எதையாவது கண்டுபிடியுங்கள், மோட்டார் தருகிறோம்' என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தியாகு கண்டுபிடித்தே வைத்திருந்தான். பழைய சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தோடு துருவும் பல்லைப் பொருத்தியிருந்தான். மிதித்தால் தேங்காய் பூவாய்க் கொட்டும். காஜா பெராங் வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் காலையில் துருவல் போவது அவன் வீட்டிலிருந்துதான்.

தேங்காயைப் பிடிப்பது தியாகு. மிதிப்பது அவன் மனைவி ஜெயா. தினமும் அறுபது தேங்காய்! அவளுடைய வலது முட்டி பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது.

"மோட்டார் வரலேன்னா நீங்களே பிடிச்சு நீங்களே மிதிச்சுக்குங்க. நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன்," என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் எவனுக்குக் கார்டில் சரியான வயது இருந்தது? பெரிய ஆள் சம்பளம் கிடைக்கட்டும் என்று, ஆபீஸில் பெயர் எழுதும் கிராணியிடம் சொல்லி, பிள்ளைகளுக்கு ரெண்டு மூணு வயது கூட்டிப் போடுவது வழக்கம். தனக்கும் அப்படித்தான் என்பதில் தியாகுவுக்குச் சந்தேகமே இல்லை. கேட்டுக்கொள்ள அப்பா அப்பாசாமிதான் உயிரோடு இல்லை.

"ரெண்டு வயசுதானே, குறைச்சாப் போச்சு," என்றாள் ஜெயா. பிறகு அவன் தலையை உற்றுப் பார்த்தாள். "ஆனா இவ்வளவு நரை எப்படிங்க?"

"ஒன்னக் கட்டினதுல வந்தது."

அம்மா பாக்கியத்தைக் கிளப்புவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா. வயசு கிடக்கட்டும், விடுடா," என்றாள். வயிற்று வலி என்றாள். கோயிலில் வேலை இருக்கிறது என்றாள். ஜெயா விடுவாளா? மாமியாரை ரிக்‌ஷாவில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

"மகன் எப்ப பிறந்தவர்?" என்று கேட்டார் பொன்னுதுரை.

பாக்கியம் முந்தானையைத் திருகினாள். "பெரிய வெள்ளம் வந்துச்சுங்களே, அப்ப இவனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினேன்."

பொன்னுதுரை விரல் மடக்கிப் பார்த்தார். "அந்த வெள்ளம் இருபத்தாறிலை. அப்ப முப்பத்திரண்டு. ஒண்டு கூடிப்போச்சு!"

"ஐயோ, அம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் தியாகு.

மறுநாள் தம்பி ஜெயபாலனை இழுத்துப் போனான். அரசாங்க ஆபீஸில் கிளார்க். படித்தவன் சொன்னால் எடுபடும் என்று நினைத்தான். பொன்னுதுரையோ தம்பியின் கார்டைத்தான் முதலில் கேட்டார்.

"தம்பிக்கு முப்பது. அண்ணனுக்கு இருபத்தொன்பதோ? உம்மடை அம்மா தம்பியைப் பெத்துப்போட்டுப் பிறகோ அண்ணனைப் பெத்தவ?"

"அவனுக்கும் கூட்டித்தான் சார் எழுதியிருக்கு!" என்று உளறிவிட்டான் தியாகு.

"ஓகோ! பொய் வயசு காட்டியோ அரசாங்க வேலைக்குச் சேர்ந்தவர்?" பொன்னுதுரை பென்சிலை எடுத்தார். "எழுதின ஆளைக் கொண்டு வாரும். இல்லையெண்டால் இவரின்ரை ஆபீசுக்கு நான் ஒரு கடிதம் போடவேணும்."

வாசலுக்கு வந்ததும் ஜெயபாலன் வெடித்தான். "அண்ணே, தேங்காய் பத்தாதுன்னு என் வேலையையும் துருவுறியா? கடிதம் மட்டும் வரட்டும், அப்புறம் நீ யாரோ நான் யாரோ!"

மோட்டாருக்குப் போய்த் தம்பியின் பிழைப்பில் கை வைத்தாகிவிட்டது. இனி அந்த வயதை எழுதிய தோட்டத்துக் கிராணி கலியாணசுந்தரம்தான் கதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று செமாபோக்கில் இருக்கிறார் என்று ஜெயாதான் விசாரித்துச் சொன்னாள்.

பாக்கியம் பதறினாள். "அவரை ஏன்டா இழுக்குற? அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காதுடா!"

போய்ப் பார்த்தால் மனுஷர் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை குடும்பமே ஆபீஸில் நின்றது. முட்டியில் துணி சுற்றிய ஜெயா முன்னால் நின்றாள். ஜெயபாலன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். யாரும் கூப்பிடாமலே வந்த பாக்கியம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"இந்த ரெண்டு பேரின்ரை வயசையும் மாத்தி எழுதினீரோ?" என்று கேட்டார் பொன்னுதுரை.

"ஜெயபாலனுக்கு உள்ளபடிதான் எழுதினேன்," என்றார் கிராணி. ஜெயபாலனுக்கு மூச்சு வந்தது.

"தியாகுவுக்கு?"

"அது மாத்தினதுதான். பொய் சொல்ல மாட்டேன்."

"பாத்தீங்களா சார்!" என்று துள்ளினான் தியாகு.

"ரெண்டு வயசுதானேங்கய்யா?" என்று கேட்டாள் ஜெயா.

"இல்லம்மா, நாலு."

நாலு! அப்படியானால் இருபத்தேழு! தியாகு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் தட்டி வைத்தான். ஜெயா முட்டியைத் தடவிக்கொண்டு, "கூட்டினது எதுக்குங்கய்யா, சம்பளத்துக்கா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

கிராணி அவளைப் பரிவோடு பார்த்தார்.

"கூட்டலம்மா, குறைச்சேன், ஒங்க கலியாணத்தப்ப ஒங்கப்பா இருபத்தொண்ணுக்கு மேல ஒரு வயசு இருந்தாலும் பொண்ணு கிடையாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு, இந்தப் பாக்கியம்தான் வந்து அழுதுச்சு, அதான் இருபத்தஞ்ச இருபத்தொண்ணாக்கிட்டேன்."