தையலுக்கு விட்ட அலமாரி

தையல்காரர் தன் கையால் செய்த சமையலறை அலமாரியின் கதவு மூட மறுத்தது.

"என்னங்க, எல்லாப் பலகையும் ரெண்டு விரல் கூடுதலா இருக்கே?" என்றாள் மனைவி.

"தையலுக்கு விடணும்ல?"

"பலகையை எங்கங்க மடிச்சு அடிக்கப் போறீங்க?"

கைப்பழக்கம் அப்படி. ஒத்துக்கொள்ள மனமில்லாமல் ரம்பத்தை எடுத்துக் கதவை அறுத்தார். ஒருவழியாக மூடியது. மூடிய வேகத்தில் அலமாரிக்குள்ளேயே போய் விழுந்தது.

"இப்ப லூசாப் போச்சே?"

"லூசா இருந்தா பிடிச்சுக்கலாம். டைட்டானாத்தான் கஷ்டம்."

பிடிப்பதற்காகச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். ஆணி, சுவருக்குள் இருந்த தண்ணீர்க் குழாயைப் பிடித்தது. பீய்ச்சியடித்த தண்ணீரில் அலமாரி குளித்தது. நனைந்தால் துணி சுருங்கும் என்பது அவருக்குத் தெரியும்; பலகை உப்பும் என்று யாரும் சொல்லித் தொலைக்கவில்லை.

"எப்பங்க முடியும்? தட்டு டம்ளரெல்லாம் கட்டில் மேல கிடக்கு."

"நாளைக்கு வாங்கம்மா, ரெடியா இருக்கும்" என்றது அவர் வாய், தன்பாட்டுக்கு.

"நான் கஸ்டமர் இல்ல, பொண்டாட்டி. பேசாம ரெடிமேட் ஒண்ணு வாங்கிடலாமா?"

அவர் முகம் சுண்டிப்போனது. கடைவீதி முனையில் எல்லாம் விற்கும் அந்தப் பெரிய கடை வந்த நாளிலிருந்து, அவர் காதில் விழக்கூடாத வார்த்தை அது.

"என் வீட்டுக்குள்ள ரெடிமேடா? நான் தைச்சதைத் தவிர வேற ஏதாவது போட்டிருக்கியா நீ? ஊர்ல ஒருத்தனும் மதிக்கலன்னாலும், உன் ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் நான் தினமும் கடையைத் திறக்கிறேன்."

மனைவி குனிந்து துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினாள்.

மறுநாள் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பியதும், தையல்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கொள்ளையடிக்கப் போகிறவர் போல அந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தார்.

மத்தியானம் கடை ஆள் அலமாரியைக் கொண்டுவந்து மாட்டினார். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. தையல்காரருக்கு வயிறு எரிந்தது.

"தம்பி, இந்தக் கடை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துடுப்பா. நான் செஞ்சதுன்னுதான் அவகிட்டச் சொல்லப்போறேன். என் கைவேலைன்னா அவளுக்கு உசிரு. மனசு விட்டுடுவா."

கடை ஆள் சுவரிலிருந்த கல்யாணப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"சுரண்டிட்டு உங்க கடை லேபிளை ஒட்டிடட்டுமாண்ணே? இந்த அக்கா எங்ககிட்ட ஜாக்கெட் வாங்கும்போதெல்லாம் அதைத்தானே கொண்டாந்து வெச்சுத் தைக்கச் சொல்றாங்க!"