இறக்கம் இருந்தால் வாறேன்

மேடு பள்ளம் பார்த்து மட்டுமே மனிதர்களோடு உறவு வைத்துக்கொண்ட ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பட்டாளம் அண்ணன்.

பட்டாளத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. குன்னத்துகாலில் நிலப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட மூன்று டன் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். அன்றோடு அப்பா அம்மா வைத்த பெயர் போயிற்று. ராணுவப் பச்சை மற்றவர்களுக்குக் கூடாது என்று வண்டியைப் பதிவு செய்யும் இடத்தில் சொல்லிவிட்டதால், வெண்டைக்காய்ப் பச்சை அடித்தார். மிஞ்சிய பெயிண்டில் கேட், கிணற்றுக் கப்பி, கோழிக்கூடு எல்லாம் பச்சையாயின. கோழிகள் ஓடத் தெரிந்தவை, தப்பித்தன.

அண்ணனுக்கு ரோடு என்றாலே இளக்காரம். “ரோட்டுல போக பஸ்ஸு போரும். இது நாலு சக்கரமும் இழுக்குத வண்டியாக்கும்” என்பார். தனுவச்சபுரம் போக வேண்டுமென்றால் ரப்பர் தோட்டத்தில் ஏறி, கல்வெட்டாங்குழியில் இறங்கி, ஓடையில் குளித்து, யாரோ ஒருவருடைய மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தின் ஓரமாய் வெளிப்படுவார். நான் அடுத்த வீட்டுக்காரன். டுட்டோரியல் காலேஜில் கணக்கு வாத்தியார். ஆனால் அண்ணன் என்னைக் கூட்டிப்போனது என் கணக்குக்காக அல்ல, கனத்துக்காக. செங்குத்தான மேட்டில் முன்சக்கரம் மண்ணில் பிடிக்காவிட்டால், “மக்கா, நீ போய் பம்பர்ல இரி” என்பார். நான் போய் உட்கார்வேன். சக்கரம் பிடிக்கும். எம்.எஸ்சி. படித்ததற்கு அதுவரை கிடைத்த உருப்படியான வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்தால் சாயங்காலம்வரை இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். அண்ணன் மனைவி, எங்கள் மைனி, வீட்டுக் காரியங்களை அந்தப் பாதங்களிடம்தான் பேசுவார். “அரிசி தீந்து போச்சு. மூத்தவளுக்குப் பனி, மேலெல்லாம் சுடுது. கேக்குதா?” வலது பாதம் ஆடினால் கேட்டது என்று அர்த்தம். உதிரிப் பாகம் எங்கும் கிடைக்காது. ஒருமுறை ரப்பர் ஷீட்டை வெட்டி ஆயில் சீல் செய்து போட்டார். எண்ணெய் பட்டதும் அது பப்படம் போல வீங்கி, மேட்டின் நடுவில் வண்டியைக் கைவிட்டது.

மேடு பள்ளம் என்றேனே, அது இப்படி. அந்த லாரிக்குப் பெரிய பேட்டரி இரண்டு வேண்டும். இரண்டும் வந்த வருஷமே உயிரை விட்டன. செல்ஃப் எடுக்காது. ஆகவே வண்டியை எப்போதும் இறக்கத்தில்தான் நிறுத்துவார். உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். சமதரையில் இன்ஜினை நிறுத்தினால் அன்றைக்கு அங்கே குடியிருக்க வேண்டியதுதான். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால், பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டார். “மண்டபத்துக்கு முன்ன எறக்கம் உண்டா?” என்பார். உண்டென்றால் வருவார். இல்லையென்றால் சொந்த அத்தை மகள் கல்யாணமானாலும் மைனிதான் பஸ்ஸில் போய் வருவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் வாழ்க்கை ஒருநாள் போய் மாட்டிக்கொண்டது.

எனக்குப் பெண் பார்த்துப் பார்த்து மாமாவின் செருப்பு தேய்ந்திருந்தது. எல்லாப் பெண் வீட்டாரும் என்னை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு நான் காலிசெய்த தட்டைப் பார்ப்பார்கள், பிறகு தகவல் சொல்லியனுப்புவதாகச் சொல்வார்கள். கடைசியில் தனுவச்சபுரம் பக்கம் ஓர் இடம் வந்தது. அடுத்த நாள் அதே பெண்ணைப் பார்க்க துபாயிலிருந்து ஒருவர் வருகிறார் என்றும் சேதி வந்தது. நாங்கள் முந்திக்கொள்ள வேண்டிய அன்றைக்குப் பார்த்து பந்த். பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, முக்குக்கு முக்கு ரோட்டில் கல். ரோடே தேவைப்படாத வண்டி ஊரில் ஒன்றுதான் இருந்தது.

“பெண்ணு வீட்டுல எறக்கம் உண்டா?” என்றார் அண்ணன்.

“வயலுக்கு நடுவுல வீடு. நிரப்புத் தரையாக்கும்” என்றார் மாமா.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செரி. இன்ஜின நிறுத்தமாட்டேன். நீங்க பெண்ணக் கண்டுட்டு ஓடி வாருங்க.”

போய்ச் சேர்ந்தோம். அந்த இன்ஜினுக்கு இன்னொரு குணம், ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துவிடும். அண்ணன் முற்றத்தில் வண்டிக்குள் இருந்து மிதித்துக்கொண்டிருந்தார். வீடு நடுங்கியது. ஓட்டிலிருந்து தூசி மாமாவின் தலையில் கொட்டியது. மேசையில் வைத்த நேந்திரங்காய் உப்பேரித் தட்டு, அதிர்வில் மெல்ல நகர்ந்து தானாகவே என் முன்னால் வந்து நின்றது. நான் கையை வைக்கவில்லை, சத்தியம். ஆனால் பெண்ணின் அப்பா பார்த்த பார்வை வேறு.

அவர் வாயருகே கையைக் குவித்து ஏதோ கேட்டார். இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் நான் தலையாட்டினேன். அவர் முகம் கறுத்தது. முந்தின சம்பந்தம் ஏதும் உண்டா என்றுதான் கேட்டிருக்கிறார்; பிற்பாடு தெரிந்தது. மாமா எழுந்து கையால் ‘இல்லை, இல்லை’ என்று சைகை காட்ட, அவர் எங்களுக்குச் சொத்தே இல்லை என்று எடுத்துக்கொண்டார். பெண் சாயா கொண்டு வந்தாள். கிளாஸில் அலை அடித்தது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. நான் பேந்தப் பேந்த விழித்தேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் விழித்தேன். துபாய்க்காரர் விமானத்தில் வந்து இறங்கிக்கொண்டிருப்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தாங்க முடியாமல் மாமாவின் காதில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன். “மாமா, எனக்குப் பிடிச்சாச்சு. இந்தத் தடியன அவளுக்குப் பிடிக்குமாண்ணு கேளும்.”

‘தடியன’ என்ற இடத்தில் இன்ஜின் நின்றுவிட்டது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மீதிச் சொற்கள் வீடு, முற்றம், அக்கரை வயல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன. வயலில் நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “சாயாக்கு மதுரம் போருமாண்ணு கேட்டேன்” என்றாள். உள்ளே போய் இன்னொரு தட்டு உப்பேரி கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அதுவரை எந்த வீட்டிலும் எனக்கு இரண்டாவது தட்டு வந்ததில்லை.

வெளியே ஓடினேன். அண்ணன் பனியனில் கை துடைத்தபடி நின்றார்.

“என்ன அண்ணே, நின்னுபோச்சா?”

“டீசல் தீந்துபோச்சு மக்கா. என்ன செய்ய? நடப்போம்.”

நடந்தோம். அன்று இரவு பிடித்த மழையில் வண்டி அச்சுவரை புதைந்தது. பஸ்ஸையே பழித்துக்கொண்டிருந்த மனிதர், அதன்பின் தினமும் பஸ் ஏறிப் போய், என் வருங்கால மாமனார் முற்றத்தில் வண்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார். மைனி என்னிடம் சொன்னார்: “எலே, ஒனக்கு ஒருத்தி கிடைச்சா. எனக்கு ஒருத்தி ஒழிஞ்சா. ரெண்டுக்கும் சேத்து கோயில்ல பாயசம் நேந்திருக்கேன்.”

கல்யாணம் பெண் வீட்டில். தாலி கட்டி முடிந்ததும் இரண்டு வீட்டு ஆண்களும் வண்டியில் வடம் கட்டி இழுத்தார்கள். பட்டு வேட்டியோடு நானும் பின்னால் தோள் கொடுத்தேன். மச்சினன் டீசல் கேனோடு கூடவே ஓடி வந்தான். அவன் மூடியைத் திறப்பதற்குள் வண்டி இருமியது, உறுமியது, கிளம்பிவிட்டது.

கேன் நிறைந்தபடியே இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கியரைப் பார்த்தார்.

“அப்போ டீசல் உண்டா அண்ணே?”

“டாங்கில எங்கயாம் கொஞ்சம் கிடந்திருக்கும். பெண்ண ஏத்துலே. நேரம் போகுது.”

சில வருஷம் கழித்து வீடு கட்ட மனை தேடினேன். தரகர் நல்ல நல்ல சமதரையாகக் காட்டினார். எதுவும் வேண்டாமென்றேன். கடைசியில் வாசலிலிருந்தே சரிந்து இறங்கும் ஒரு மனையை, தண்ணீர் நிற்காது, மண் நிற்காது என்று எல்லோரும் தடுத்தும் கேட்காமல் வாங்கினேன். எனக்கு இன்றுவரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அண்ணன் வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவார்?