வெள்ள நிவாரண ஒத்திகை

சேவாபுரி என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள். கேட்பவர் அநேகமாக அங்கேதான் குடியிருப்பார்.

அந்த நாட்டு ராஜா வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தார். அடுத்து யார் ஆள்வது என்று கூடிப் பேச வேண்டும். கூடிப் பேசத் தெரிந்தவர்களோ அருள்நெஞ்சர் சங்கத்தார் மட்டுமே. அவர்களிடம் மேசை இருந்தது, மேசைமேல் மணி இருந்தது, வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் தனித்தனி ஆள் இருந்தது. மாதம் ஒருமுறை கூடிக் கண் சிகிச்சை முகாம் நடத்துவார்கள், மரக்கன்று நடுவார்கள், அந்தச் செய்திகளை 'அருள்நெஞ்சர் மடல்' என்று நாலு பக்கத்தில் போடுவார்கள். நல்ல மனிதர்கள்தான். அவர்கள் தலையில் ஒரு நாட்டைத் தூக்கி வைத்தால் பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

ஆண்டுக்கொரு தலைவர் வந்தார். தேர்தல் முறைப்படி நடந்தது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், மற்றவர்கள் கைதட்டினார்கள். குடிமக்களுக்குக் கைதட்டும் வேலைகூட வைக்கவில்லை.

முதல் சட்டம் வந்தது. சங்கத்தின் பதாகை இல்லாமல் நாட்டில் யாரும் யாருக்கும் நல்லது செய்யக் கூடாது. அன்று முதல் வண்டி குடை சாய்ந்து ஒருவன் சாலையோரம் கிடந்தாலும் பதாகை வரும்வரை அவன் அங்கேயே கிடந்தான். இரண்டாம் சட்டம், படத்தில் எடுப்பாகத் தெரியாத எதுவும் சேவையாகக் கருதப்படாது என்றது. கிணறு தூர்வாருவது அதோடு நின்றது. குழிக்குள் இறங்கியவன் முகம் படத்தில் விழுவதில்லை அல்லவா? சாக்கடைக்கும் அதே கதி. போர்வை வழங்குவது மட்டும் அமோகமாக நடந்தது, சித்திரை வெயிலிலும்.

இந்த நாட்டில் செங்கமலம் என்றொரு பெண் இருந்தாள். அவள் வகித்தது லேசுப்பட்ட பதவி இல்லை: அரசுப் பயனாளி. பதினோரு வருடமாக மேடையேறித் தையல் இயந்திரம் வாங்கிக்கொண்டிருந்தாள். விழா முடிந்ததும் அதை வண்டியில் ஏற்றிச் சங்கக் கிடங்குக்கே கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருடம் துடைத்து எடுத்து வருவார்கள். அந்த இயந்திரத்தில் அவள் ஒரு ரவிக்கைகூடத் தைத்ததில்லை. ஆனால் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், கண்ணில் எப்போது நீர் தளும்ப வேண்டும், படப்பெட்டிக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கும்வரை மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் வீடு பெரிய ஏரியின் கரைக்குக் கீழே கீழத் தெருவில் இருந்தது. அந்த வருடம் கரை ஒரு பக்கம் சரிந்து, மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது. ஏரியில் அப்போது தண்ணீர் குறைவு. ஐப்பசி மழை இறங்கினால் முதலில் போவது செங்கமலத்தின் வீடுதான். வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அஞ்சலை, நிறைமாத வயிற்றோடு எழுந்து நடக்கவே திணறிக்கொண்டிருந்தாள்.

செங்கமலம் சங்கத்துக்கு ஓடினாள். அந்த ஆண்டின் தலைவர் அருளாளர் ஆபத்சகாயம், கழுத்தில் பதவிச் சங்கிலி புரள, மணிக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். பக்கத்தில் செயலாளர் நாகலிங்கம்.

"அய்யா, ஏரிக்கர வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க. மழைக்கு முன்னாடி அடைக்கலேன்னா எங்க தெருவே மிஞ்சாது. வீட்ல புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்குதுங்க" என்றாள்.

"கரையை அடைப்பது நல்ல காரியம்தான், இல்லை என்று சங்கம் சொல்லவில்லை" என்றார் செயலாளர். "ஆனால் அடைத்த பிறகு அங்கே என்ன தெரியும்? மண் தெரியும். மண்ணை எப்படியம்மா மடலில் போடுவது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "இதைச் சங்கம் தீர ஆலோசித்துவிட்டது. ஐப்பசி இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு மாபெரும் வெள்ள நிவாரண விழா. ஏழு மலை தாண்டி, நம் சங்கத்துக்கெல்லாம் மேலான மாவட்ட ஆளுநரே வருகிறார். இருநூறு குடும்பங்களுக்கு அரிசி மூட்டை. முதல் மூட்டை உனக்கு!"

"வெள்ளம் இன்னும் வரலைங்களே?"

"அதற்குள் வந்துவிடும். ஆளுநர் தேதி கொடுத்துவிட்டார்."

மறுநாளே மூன்றாம் சட்டம் பிறந்தது. விழாவுக்கு இடையூறு நேராதபடி, கரை உடைப்பில் ஒரு பிடி மண் போடுபவரும் குற்றவாளி. குடிமகனானால் பயனாளிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். சங்க உறுப்பினரானால் ஓராண்டுக்கு மேடை ஏறத் தடை. சங்கத்தாரால் இதைவிடக் கொடிய தண்டனையைக் கற்பனை செய்ய முடியவில்லை.

பக்கத்து வீட்டு மாரப்பன் கேட்கவில்லை. நான்கு கூடை மண் கொட்டினான். அன்று மாலையே அவன் பெயரை அடித்தார்கள். தாயாரின் கண்ணுக்கு முகாமில் கொடுத்துவந்த மருந்து நின்றது. விதை நெல்லும் நின்றது. அதைப் பார்த்த பிறகு கீழத் தெருவில் யாருக்குக் கை நீளும்? அஞ்சலையோ படுத்த இடத்திலிருந்து, "யம்மா, தண்ணி வந்தா என்னயத் தூக்கிக்கிட்டு உன்னால ஓட முடியுமா?" என்று கேட்டாள். 'போங்கடா நீங்களும் உங்க மேடையும்' என்று செங்கமலம் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பதினோரு வருட அனுபவம் என்றால் சும்மாவா!

மறுநாள் காலை தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு செயலாளர் முன் போய்ப் பணிவாக நின்றாள்.

"அய்யா, ஆளுநர் அய்யா வர்ற விழா. எங்க சனத்துக்கு மேடை பழக்கமில்லீங்க. யாராவது முதுகக் காட்டிக்கிட்டு நின்னுட்டா படமே போச்சு. ஒரு ஒத்திகை பாத்துக்கிட்டா நல்லதுங்களே?"

செயலாளர் முகம் மலர்ந்தது. "ஒத்திகை! இதை நாங்களே யோசித்திருந்தோம்" என்றார். அவர் யோசித்திருக்கவில்லை.

"எடம் வந்துங்க, அந்த ஒடப்புதான் தோது. காலை வெயில் நேரா மூஞ்சில விழும். பெரியவங்க மேல நின்னு கொடுக்கணும், நாங்க பள்ளத்துல நின்னு அண்ணாந்து வாங்கணும். அப்பத்தான் கொடுக்கற கை ஒசந்து தெரியும்."

"அருமை. ஆனால் அரிசி மூட்டை நனைந்துவிட்டால்?"

"சாக்குல மண்ணக் கட்டிக்கலாமுங்க. படத்துல அரிசி எது, மண்ணு எதுன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

அதற்கடுத்த நாளே ஒத்திகை தொடங்கியது. சங்கத்தின் உறுப்பினர்களான நாற்பத்திரண்டு அருளாளர்களும் பட்டு வேட்டியில் கரைமேல் வரிசையாக நின்றார்கள். கீழத் தெருவார் சட்டத்துக்குப் பயந்து பயந்து பள்ளத்தில் இறங்கினார்கள். தலைவர் முதல் மூட்டையைத் தூக்கினார். பொன்னாடையைவிடக் கனமான எதையும் அவர் அதுவரை தூக்கியதில்லை; முகம் சிவந்து மூச்சு வாங்கியது. செங்கமலம் அதைப் பெற்றுக்கொண்டு உடைப்பின் அடியில் இறக்கி வைத்தாள். ஏன் வைத்தாள்? கும்பிட வேண்டும் அல்லவா, இரண்டு கையும் வேண்டுமே! அடுத்தவர் வாங்கினார், அதன் பக்கத்தில் வைத்தார், கும்பிட்டார்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நாலைந்து பயனாளிகளோடு படம் வேண்டியிருந்தது. 'உடனடி முன்னாள் தலைவர்', அதாவது போன ஆண்டுத் தலைவர், தம் படத்தில் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி ஏழு முறை திரும்பக் கொடுத்தார். இரண்டாம் நாள் பட்டு வேட்டிகளை மடித்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் மேலிருந்து வாங்கிக் கீழே கொடுக்க ஆள் போதாமல் தலைவரே பள்ளத்தில் இறங்கினார். படத்துக்கு நிற்கும் இடம் மட்டமாக வேண்டும் என்று மூட்டைகளுக்கு இடையில் மண் கொட்டி மிதிக்கும்போது யாரோ ஒரு பெண் ஏலேலோ போட, நாற்பத்திரண்டு பேரும் கூடச் சேர்ந்து மிதித்தார்கள். படப்பெட்டிக்காரர் இருநூற்றுப் பதினாலு படம் எடுத்தார். மடல் சிறப்பிதழாக வந்தது.

பிறகு மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. ஏரி கடல் மாதிரி ததும்பி நின்றது, கரை அசையவில்லை. நான்காம் நாள் விடியலில் அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. செங்கமலம் காய்ந்த தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

இருபதாம் நாள் பத்து மணிக்கு மாவட்ட ஆளுநர் யானைமேல் வந்து இறங்கினார். மேடை, மேளம், பதாகை எல்லாம் தயார்.

"வெள்ளம் எங்கே?" என்று கேட்டார்.

"வந்துகொண்டே இருக்கிறது, ஐயா" என்றார் செயலாளர்.

மதியம்வரை காத்திருந்தார்கள். வரவில்லை. செயலாளர் கரையைப் போய்ப் பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். "சதி! உடைப்பை அடைத்திருக்கிறார்கள். கீழத் தெரு முழுவதையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்!"

கூட்டத்தில் மாரப்பன் முகம் வெளுத்தது. செங்கமலம் எழுந்து, கூப்பிடாமலே மேடையேறினாள். அவள் அப்படி ஏறியது அதுதான் முதல் முறை.

"அடச்சது யாருன்னு நான் சொல்ல வேணாமுங்க. உங்க மடல்லயே போட்டிருக்கு" என்று சிறப்பிதழை ஆளுநரிடம் நீட்டினாள்.

ஆளுநர் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அருளாளர்கள் மூட்டை தூக்கினார்கள், இறக்கினார்கள், மிதித்தார்கள். நடுப்பக்கத்தில் தலைவர் முழங்கால் சேற்றில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருட மடல்களில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"சட்டப்படி நாற்பத்திரண்டு பேருக்கும் மேடைத் தடை" என்றார் ஆளுநர்.

செயலாளர் நடுங்கிப்போனார். "ஐயா, அப்படியானால் தீர்ப்பை வாசிக்க மேடையேற ஒருவரும் மிஞ்ச மாட்டோமே!"

ஆகவே சேவாபுரியின் வரலாற்றில் முதல் முறையாக ஒரு சட்டம் வாபஸ் ஆனது. ஒன்றை எடுத்தால் மற்றதும் நிற்காது என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொல்ல, மூன்றையும் எழுந்து நின்று ரத்து செய்தார்கள். மாரப்பன் பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது. குடிமக்கள் கைதட்டினார்கள். யாரும் தட்டச் சொல்லவில்லை.

கூட்டம் கலையும்போது ஆபத்சகாயம் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றார். இரண்டு கொப்புளங்கள் காய்ந்து தழும்பாகியிருந்தன. செங்கமலத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, இன்னொரு ஒத்திகை ஏதும் உண்டா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மேக்கால வாய்க்கா தூந்து கெடக்குதுங்க. காலைல வெளுத்ததும் நாங்க போறோம். மேடை கெடையாது, படம் கெடையாது. வந்தா வாங்க."

வருவார் என்று அவள் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேத்தியைக் குளிப்பாட்டினாள், அதை மறந்தும் போனாள்.

காலையில் கீழத் தெருவார் வாய்க்காலுக்குப் போனபோது அங்கே முன்கூட்டியே சங்கத்தார் பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் ஆபத்சகாயம். சங்கிலி இல்லை, செருப்பு இல்லை. புது மண்வெட்டி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செங்கமலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் போய், அதை அவர் கையில் நேராக வைத்து, "இப்படிங்க" என்றாள்.