டிரைவர் இஷ்டம்

இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அட்டவணையார் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு. நேரம் எப்படித் தெரியும் என்றால், அவரே குறித்து வைத்திருந்தார். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று முப்பத்தோரு வருடமாக எழுதிக்கொடுக்கிற மனிதர். ஆபீஸில் வைத்த பெயர்தான் அட்டவணையார். ஊரில் ஓடும் அத்தனை வண்டிக்கும் நேரம் குறிப்பார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

ஒன்பது நாற்பதுக்கு இதய டாக்டர் சொன்னது இவ்வளவுதான். மூன்று அடைப்பு. நெஞ்சைத் திறந்து சரிசெய்தாக வேண்டும். பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்குப் படுக்கை ஒதுக்கியாயிற்று.

அட்டவணையார் அதை எழுதிய கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். அவருடைய அண்ணனும் இப்படி ஒரு கடிதத்தோடுதான் போனார். நடந்து போனவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து மருந்து வாடை பட்டாலே இவருக்குப் பயம். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை, சட்டைக்குள் பாம்பு புகுந்த பயம்.

எப்படியும் சாகப் போகிறோம், கத்திக்குக் கீழே எதற்கு, காற்று வாங்கிக்கொண்டே சாவோம் என்று கணக்குப் போட்டார். வீட்டுக்கு வந்து கடிதத்தை 'மற்றவை' என்று எழுதிய ஃபைலில் செருகினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அன்று சாயங்காலமே மனைவியிடம் வந்து நின்றார்.

அந்த அம்மாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினெட்டு வருட அனுபவம்.

“ஏம்மா, ரெண்டு வாரம் லீவு போடறேன். கேம்பர் வேன் ஒண்ணு வாடகைக்கு எடுப்போம். சைக்கிள் ரெண்டையும் பின்னாடி கட்டிப்போம். ஏரிக்கரை, ஆத்தங்கரை, மலைப் பாதைன்னு ஜாலியா மிதிச்சுட்டு வரலாம்.”

“யார் ஓட்டறது?”

“நீதான்.”

“அதானே பார்த்தேன். நாலு படி ஏறினா சுவத்தைப் புடிச்சுட்டு நிக்கறீங்க. மலையில சைக்கிள் மிதிக்கப் போறீங்களா?”

“எல்லாமே இறக்கமான பாதையா எடுத்திருக்கேன். ஏத்தத்துக்கு வேன், இறக்கத்துக்கு சைக்கிள்.”

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வேன்ல படுக்க இடம் இருக்குமா?”

“தாராளமா.”

“ஒரு ஆள் மட்டும் ரெண்டு வாரம் தங்கினா?”

“மகாராணி மாதிரி இருக்கலாம். அது என்ன ஒரு ஆள்?”

“சும்மா கேட்டேன். அடுப்பு, கக்கூஸ் எல்லாம்?”

“உள்ளேயே இருக்கு.”

“அப்ப எடுத்துடுங்க. என்னிக்குக் கிளம்பறோம்?”

“பதினாறாம் தேதி. காலை ஆறரை.” எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் வீட்டில் மணி அடித்து ஓயட்டும், நாம் ஏரிக்கரையில் இருப்போம் என்பது அவர் திட்டம்.

“நல்ல நாள்” என்றார் அம்மாள்.

அட்டவணையாருக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடத்தில் இந்த அம்மாள் எதற்கும் இப்படி உடனே சரி என்றதில்லை. அந்த இடத்திலாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பதினாலு பக்கத்துக்குப் பயண அட்டவணை எழுதினார். எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு மிதிப்பது, எந்த மரத்தடியில் எத்தனை நிமிடம் மூச்சு வாங்குவது என்பது வரைக்கும் இருந்தது.

அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

“வீட்டுலேருந்து முதல் ஏரி வரைக்கும் ஒண்ணுமே எழுதலையே?”

“அது காலி ஓட்டம்மா. டிப்போவிலேருந்து முதல் ஸ்டாப் வரைக்கும் வண்டி வெறும் வண்டியாத்தானே போகும்? அதை அட்டவணையில எழுதற வழக்கமே கிடையாது. டிரைவர் இஷ்டம்.”

“எந்த வழியா வேணா போகலாமா?”

“போகலாம்.”

“நடுவுல நிறுத்தலாமா?”

“முதல் ஸ்டாப் வர்ற வரைக்கும் எவனும் கேக்க முடியாது.”

“எவ்வளவு நேரம் வேணாலும்?”

“டிரைவர் இஷ்டம்னா டிரைவர் இஷ்டம்தான்!”

“அதை எழுதிக் குடுங்க. அப்புறம் வழியில என் உயிரை எடுப்பீங்க.”

முதல் பக்கத்து ஓரத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதற்குக் கையெழுத்து வேறு.

பதினாறாம் தேதி ஆறரைக்கு வேன் கிளம்பியது. அட்டவணையார் தலையில் ஹெல்மெட்டோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தபால் ஆபீஸ் தாண்டியது. மேம்பாலம் தாண்டியது. தண்ணீர்த் தொட்டி அருகே வண்டி இடது பக்கம் திரும்பியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது பதினாலாம் நம்பர் பேருந்து போகிற வழி. அதன் கடைசி ஸ்டாப் எதுவென்று அவருக்குத் தெரியாதா? ஏழு நிமிடம் நிற்கட்டும் என்று எழுதியதே அவர்தானே. ஆஸ்பத்திரி வாசல்.

“என்னம்மா இது?”

“காலி ஓட்டம்” என்றார் அம்மாள், வண்டியை நிறுத்தியபடி.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வீட்டுல பதினோரு ஃபைல் வச்சிருக்கீங்க. 'மற்றவை'ன்னு எழுதினதுலதானே உண்மையை வைப்பீங்க.”

“நான் இறங்க மாட்டேன். எனக்கு இப்ப ஒண்ணுமே இல்லை. நல்லாத்தான் இருக்கேன்.”

“பள்ளிக்கூடம் வந்ததும் வயித்து வலி போயிடுச்சுன்னு சொல்ற புள்ளையும் உண்டு, வயித்து வலி வந்துடுச்சுன்னு சொல்ற புள்ளையும் உண்டு. பதினெட்டு வருஷமா ரெண்டு வகையையும் இறக்கி விட்டுட்டுத்தான் இருக்கேன்.”

அட்டவணையார் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். “அண்ணன் திரும்பி வரலையேடி.”

“உங்க அண்ணன் எட்டு மாசம் தள்ளிப் போட்டுட்டு உள்ளே போனார். அதான் வரலை. உங்க அண்ணி இன்னிக்கும் அதைச் சொல்லித்தான் அழறாங்க. எனக்கும் அந்த அழுகைதான் வேணுமா?”

அவர் ஹெல்மெட் வாரை இன்னும் இறுக்கினார். பிறகு மெதுவாக, “பயமா இருக்கு” என்றார். முப்பது வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னார்.

“எனக்கும்தான்” என்றார் அம்மாள். “ராத்திரியெல்லாம் நீங்க மூச்சு விடறீங்களான்னு பார்த்துட்டே படுத்திருக்கேன். ஹெல்மெட்டைக் கழட்டுங்க.”

“அப்ப இந்த வேன் எதுக்கு?”

“நோயாளி கூட யாரும் தங்கக் கூடாதாம் இங்க. நான் எங்க படுக்கறது? வண்டி நிறுத்தற இடத்துல ரெண்டு வாரத்துக்குச் சொல்லி வச்சாச்சு.”

அட்டவணையார் இறங்கினார். கையெழுத்துப் போட்ட மனிதர், வேறு என்ன செய்வார்?

நெஞ்சைத் திறந்தார்கள், மூடினார்கள். கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது மணி என்ன என்று. ஆபரேஷன் நடந்த நான்கு மணி நேரமும் வேன் படியில் உட்கார்ந்து பதினாலு பக்க அட்டவணையைக் கசக்கிக்கொண்டே இருந்தார் அம்மாள் என்பது அவருக்குத் தெரியாது. சொன்னவரும் இல்லை.

பன்னிரண்டாம் நாள், பயிற்சி அறையில் அவரை ஒரு சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்தார்கள். சக்கரம் கிடையாது. அதன் நாலு காலும் திருகாணி போட்டுத் தரையில் முடுக்கியிருந்தது. எதிர்ச் சுவரில் ஓர் ஏரி, ஒரு மலை, வண்ணப் படமாக. அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிக் குளத்தைச் சுற்றி, அவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நிஜ சைக்கிளில் அம்மாள் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தார். கையை வேறு ஆட்டினார்.

அட்டவணையார் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மிதித்தார்.

“மெதுவா மிதிங்க சார்” என்றாள் நர்ஸ். “எங்க போகப் போறீங்க?”