தொண்டைக்குள் போக்குவரத்து

பேரன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. தொண்டையில் இருக்கும் கட்டி ஒன்றைத் தவிர இங்கே அனைவரும் நலம். அத்தானின் மூட்டுவலி தேவலையா? என்னைப் பார்த்துக்கொள்ளப் பெட்டி கட்டுவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். இங்கே எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

கதிர்வீச்சு தொடங்குமுன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். வழக்கமாக எடுப்பது போல இல்லையாம், கட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று பார்ப்பதாம். அதை வைத்து வைத்தியம் பலிக்குமா என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா என ஆராய்கிறார்கள், நானும் சரி என்றேன். என்னைக் குழாய்க்குள் படுக்கவைத்து, முகத்தின் மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, "ஐயா, சத்தம் கேக்கறப்போ எச்சில் முழுங்காதீங்க, படம் கலைஞ்சுடும்" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். பிறந்தது முதல் எச்சிலைப் பற்றி நான் நினைத்ததே கிடையாது, அவள் சொன்ன நிமிடத்திலிருந்து வேறெதையும் நினைக்கவில்லை. வாய்க்குள் குளம் கட்டி நிற்கிறது. ஒலிபெருக்கியில், "முழுங்கினீங்களா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். "இப்ப பேசினீங்களே, அதுலயே கலைஞ்சுடுச்சு" என்றாள். மறுபடி முதலிலிருந்து. காலமெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, பக்கத்து சீட்டிலிருந்து 'பதறாதே, பதறாதே' என்று ஊரையே அதட்டியவன், ஒரு சின்னப் பெண் "பதறாதீங்க ஐயா" என்று சொல்லக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "கட்டியில செல்லெல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். தண்ணி நகர இடம் இருக்காது. வைத்தியத்துல செல் சாகச் சாக இடம் விடும், தண்ணி நல்லா நகரும்."

"டிராபிக் ஜாம் கிளியர் ஆகுற மாதிரி" என்றேன்.

"ஏறக்குறைய அப்படித்தான்" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து நானும் பாதி டாக்டர். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு நாற்சந்தி படம் போட்டு, எந்த லாரி செல், எந்த சைக்கிள் தண்ணீர் என்று வியர்க்க விறுவிறுக்க விளக்கினேன். அவர் கால் எலும்பு முறிந்து வந்தவர் என்று கடைசியில்தான் தெரிந்தது. ஆனாலும் கவனமாகத்தான் கேட்டார், எழுந்து போக வழியில்லை.

வைத்தியத்தின் நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இந்த முறை நான் கல்லாகக் கிடந்தேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "முன்னைக்கு இப்ப தண்ணி நல்லாவே நகருது. நல்ல அறிகுறிதான். ஆனா இதை மட்டும் வெச்சு உறுதியா சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார். என் காது 'அறிகுறிதான்' வரை கேட்டது. உன் தம்பி பெண்டாட்டியின் காது 'ஆனா'விலிருந்து கேட்டது. "குணமாயிடும்னுட்டாங்க" என்றேன். "எப்ப சொன்னாங்க? ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுதானே சொன்னாங்க" என்றாள். வீடு வரும்வரை இதே வழக்கு. எனக்குத் தொண்டை புண்ணாகிக் குரல் கம்மியதால் அவளே ஜெயித்தாள். சாப்பாடு அரைத்துத்தான் இறங்குகிறது, எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, மற்றபடி சிங்கம் மாதிரி இருக்கிறேன்.

ஆகவே நீ அலைய வேண்டிய அவசியமே இல்லை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் ஆசியைத் தபாலில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
எதற்கும் கலங்காத உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது என் பெண்டாட்டி வந்து, நேற்றே உனக்குப் போன் செய்துவிட்டதாகவும், நீ ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவதாகவும் சொன்னாள். என்னைக் கேட்காமல் ஏன் கூப்பிட்டாய் என்று கத்த வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவளும் உட்கார்ந்துவிட்டாள். அக்கா, ஞாயிறு வரை தள்ளிப்போடாதே, முந்தின வண்டியில் இடம் கிடைத்தால் ஏறிவிடு. ஸ்டேஷனுக்கு நானே காரில் வருகிறேன். அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன்.