மரைக்கு எங்கே குறி வைப்பது

“மரையை என்ர கண்ணில காட்டுங்கோ, போதும். அடுத்த நிமிசம் அது இறைச்சி.”

மெல்பேர்ணின் கிரான்பர்னில் ஒரு பிறந்தநாள் விருந்தில் சிறிதரன் இப்படி முழங்கியபோது கேக் இன்னும் வெட்டப்படவில்லை.

வாசகரே, இவர் குறிவாத்தியார் என்னும் இனம். விக்டோரியா மலைக்காடுகளில், குதிரை உயரத்துக்கு நிற்கும் மரை என்னும் அந்தப் பெரிய மான்கள் எவ்வளவு பெருகிவிட்டனவோ, மெல்பேர்ண் வீடுகளின் பின்வளவுகளில் இந்த இனம் அதைவிடப் பெருகிவிட்டது. மரையைச் சுட அனுமதி உண்டு. இவரை?

இவரிடம் துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. துவக்கும் உண்டு, எண்ணெய் பூசப்பட்டு, இரும்புப் பெட்டி என்னும் மூலஸ்தானத்தில் வீற்றிருக்கிறது. காட்டைத்தான் கண்டதில்லை. பார்பிகியூ அடுப்புப் பற்றியதும் யாராவது ஒரு அப்பாவியை மரையாக நியமித்துவிடுவார். அன்று அகப்பட்டவர் கணக்காளர் கோபாலகிருஷ்ணன்.

“கோபால், கதிரையில ரெண்டு கையையும் ஊண்டிக்கொண்டு பக்கவாட்டில நில்லும்.”

நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். வாத்தியார் கையிலிருந்த மட்டன் ரோலை அவர் விலாவில் ஓட்டினார்.

“தலைக்குச் சுடுறவன் மடையன். தலை சின்னன், ஆடும். வயித்தில பட்டா, பாவம், கிடந்து வதைபடும். முன்னங்காலின்ர பின்கரையைப் பிடிச்சு மேல வாங்கோ. உடம்பில மூண்டில ஒரு பங்கு ஏறினதும் நில்லுங்கோ. இஞ்சதான் இருதயமும் சுவாசப்பையும்.”

“சிறி, கூசுது,” என்றது மரை.

“மரை கதைக்காது.”

வேட்டைக்குப் போய்வரும் சுஜீதன் மெல்லக் கேட்டான்: “அண்ணை, இதுவரைக்கும் எத்தினை சுட்டனீங்கள்?”

“எண்ணிக்கையில என்ன இருக்கு தம்பி? இடந்தான் முக்கியம்.”

“அப்ப சனிக்கிழமை என்னோட மலைக்கு வாங்கோ. வெடி உங்கட.”

குசினி வாசலிலிருந்து வாத்தியாரின் மனைவி சந்திரவதனா தீர்ப்புச் சொன்னார்: “போட்டு வாங்கோ. வெறுங்கையோட வந்தா, இனி ஒருத்தரையும் கதிரையில பிடிக்க வைக்கக் கூடாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். கோபாலகிருஷ்ணன் கூடுதலாகத் தட்டினார். ஆக, போவது ஒரு மரையின் உயிர் மட்டுமல்ல. ஒரு வாத்தியாரின் உத்தியோகமும்.

சனிக்கிழமை, மலைச்சரிவில், பற்றைக்குப் பின்னே இருவரும் குப்புறக் கிடக்க, எதிரே வெட்டவெளிக்கு ஒரு மரை வந்து, நியமனம் இல்லாமலே பக்கவாட்டில் நின்றது.

“அண்ணை, அடியுங்கோ,” என்றான் சுஜீதன் இரகசியமாக.

வாத்தியாரின் விரல் விசைக்குப் போயிற்று. அது அங்கேயே இருக்கட்டும். உங்களிடம் ஒரு வார்த்தை. மனைவி கார் ஓட்டும்போது பக்கத்து ஆசனத்திலிருந்து இல்லாத பிரேக்கை மிதிப்பவர் யார்? அகப்பை பிடித்தறியாமல் குழம்புக்குப் புளி காணாது என்பவர்? மட்டையைத் தொடாமல் சோபாவில் கிடந்தபடி, அந்தப் பந்தை விட்டிருக்க வேண்டும் என்பவர்? சிரிக்க வேண்டாம். உத்தியோகம் காலியாகும் போலிருக்கிறது. தகுதி உங்களுக்கு நிறையவே உண்டு.

துவக்கின் குறி முன்னங்காலின் பின்கரையைப் பிடித்து மேலே ஏறியது. மூன்றில் ஒரு பங்கில் நின்றது. பாடத்தில் உள்ள அதே இடம். அந்த இடத்தில் தோல் மெல்ல உப்புவதும் தாழ்வதுமாக இருந்தது. மரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வாத்தியார் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார். துவக்கின் விசையைப் பூட்டிப் புல்லில் வைத்தார்.

“காத்து சரியில்லை, தம்பி,” என்றார்.

சுஜீதன் அண்ணாந்து பார்த்தான். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.