ஒரே வரியில் ஒன்பது கன்னியப்பன்கள்

என் அக்கா கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திய பெருமை எஸ்.க்யூ.எல். என்னும் கம்ப்யூட்டர் மொழியின் நான்கு வரிகளுக்கு உண்டு. அந்த நான்கு வரியையும் எழுதியவன் நான்.

அப்போது சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். கழுத்தில் கம்பெனி அட்டையோடு (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்) கடப்பாக்கத்துப் பக்கம் எங்கள் மீனவக் குப்பத்துக்கு வந்து இறங்கியவன், பத்திரிகை கொடுக்கும் பொறுப்பை நானாகவே வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் தாம்பூலத்தோடு வீடு தேடிப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காத வீட்டிலிருந்து ஈ காக்காய்கூட வராது.

அப்பா ஒரு நோட்டை நீட்டினார். ஐஸ் கன்னியப்பன் வீட்டில் ஐந்து பேர், இஞ்சின் கன்னியப்பன் வீட்டில் ஏழு பேர், ரேடியோ கன்னியப்பன் ஒருவர் என்று போயிற்று. குலசாமி பெயர் என்பதால் வீட்டுக்கு வீடு அதே பெயர்தான். எனக்கு அந்த ஐஸும் இஞ்சினும் அநாகரிகமாகப் பட்டன. “டேட்டாவைச் சுத்தம் செய்கிறேன்” என்று எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, வெறும் பெயரை வைத்து ‘குரூப் பை’ போட்டேன். ஒரே பெயர் உள்ள வரிகளை அது ஒரு வரியாகச் சுருட்டி, தலைகளைக் கூட்டித் தரும். தந்தது. ஒன்பது கன்னியப்பன்கள் ஒரே கன்னியப்பன் ஆனார்கள். அவர் வீட்டில் நாற்பத்தோரு பேர். (எவ்வளவு பெரிய கூட்டுக் குடும்பம் என்று வியந்தேன்!)

அந்த ஒரு பத்திரிகையை, தெருவில் முதலில் எதிர்ப்பட்ட ரேடியோ கன்னியப்பனிடம் கொடுத்தேன்.

“நாப்பத்தோரு பேரும் வந்துடணும் அண்ணாத்த.”

“நான் ஒண்டிக்கட்டப்பா! நாப்பத்தோரு பேருக்கு எங்க போவேன்?”

“லிஸ்ட்டுல அப்படித்தான் கீது” என்று சொல்லி நகர்ந்தேன்.

அடுத்து என் தாய்மாமன் வீடு. உட்கார்ந்து மோர் குடித்தேன். மடியில் பத்திரிகைக் கட்டு. லிஸ்டில் மாமா வீடு வரவில்லையே, சரி, அப்பாவே கொடுத்திருப்பார் என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பிறந்ததிலிருந்து மாமா என்றே கூப்பிட்டவனுக்கு, இஞ்சின் கன்னியப்பன் அவர்தான் என்பது உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மா அழுதுகொண்டே வந்தாள்.

“உங்க மாமன் வரமாட்டாராம்டா! பத்திரிக்கைய மடியில வெச்சிகினே மோரைக் குடிச்சிட்டு வந்துட்டியாமே? பட்டம் யாருடா கட்டுவாங்க?”

மணப்பெண் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் எங்களில் தாலி ஏறாது. விடுபட்ட மற்ற ஏழு கன்னியப்பன்களும் மாமா பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அக்கா மருதாணிக் கையாலேயே எனக்கு வாசலைக் காட்டினாள்.

கடற்கரைக்கு ஓடினேன். மாமா படகோரம் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். காலில் விழுந்தேன், விழுந்தபடியே குரூப் பை-யை விளக்கினேன்.

“அப்போ உன் கம்ப்யூட்டருக்கு நாங்க ஒம்போது பேரும் ஒரே ஆளா?”

“ஆமா மாமா.”

“அந்த ரேடியோவும் நானும் ஒண்ணா?” (இதில்தான் அவருக்கு வலி அதிகம்.)

“ஆமா மாமா.”

ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார். “சரி, போ. ஒரே ஆளாவே வர்றோம்.”

மாமல்லபுரத்து மண்டபத்தில் ஒன்பது பேரும் ஒரே நிறச் சட்டையில், அந்த ஒற்றைப் பத்திரிகையோடு மேடையேறினார்கள். ஆளுக்கொரு பட்டம். ஐயர் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க, வரிசையாக ஒன்பதையும் கட்டினார்கள். தாலி கட்டும் போட்டோவில் அக்காவுக்குப் புருவமே இல்லை. ஆனால் சிரிக்கிறாள். நான் வீடியோக்காரருக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஒன்பது பேரும் எங்கள் அம்மாவோடு கூடப்பிறந்த தாய்மாமன்கள் என்று செங்கல்பட்டில் இருக்கும் அக்காவின் மாமியார் நம்பிவிட்டார். அக்காவுக்குக் குழந்தை பிறந்து மாமா தனியாகப் பார்க்கப் போனபோது, “மத்த எட்டுப் பேரு இன்னா ஆனாங்க?” என்று கேட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் சீர்த்தட்டோடு வேனில் போய் இறங்கினார்கள். ரேடியோ கன்னியப்பன் குழந்தையை வாங்கியவர், கிளம்புவதற்கு வேன் மூன்று முறை ஹாரன் அடித்தும் திருப்பித் தரவில்லையாம்.

“அந்த மாமனுக்குத்தான் பேத்தி மேல உசுரு. சொந்த ரத்தமாச்சே, வுடுமா?” என்று மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் இன்றும் சொல்கிறார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.